நாரையைத் தேடும் கத்தரிக்காய்

அன்னாபா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் கத்தூர் அவர்களுக்கு,

அன்னாபாவிலிருந்து உங்கள் தங்கை ஸக்கியாவின் கணவன் லக்தர் பூஸியான் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் சலூனும் உங்கள் வீட்டம்மாவின் முழங்காலும் அல்லாஹ்வின் அருளால் நன்றாக நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒரு மரண விஷயத்தைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. ஸக்கியா சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன வருஷம் நான் பல் பிடுங்கிக்கொண்டேன் என்று போனில் சொன்னதை, பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்று காதில் வாங்கி, சலூனுக்கு வந்தவர்களையெல்லாம் எனக்காக துஆ செய்ய வைத்தீர்கள். இந்த விஷயத்தில் ஒரு சொல் பிசகினாலும் ஆபத்து. பக்கத்து வீட்டு ரஷீதாவின் மருமகன் இன்று மாலை விமானத்தில் உங்கள் ஒரானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். விமானம் பத்திரமாக இறங்கட்டும்.

விஷயம் இதுதான். உங்கள் ஊரில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று பயப்படுகிறேன். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகவரி தெரியாது. முகமும் தெரியாது. ஆறு மாதமாகத் தினமும் அவரோடு உட்கார்ந்து டோமினோ ஆடியிருக்கிறேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். மோன்ட்ரியலில் இருக்கும் நம் நஸீம் ஒரு கறுப்புக் கண்ணாடி அனுப்பினான் என்று ஸக்கியா சொல்லியிருப்பாள். கண்ணாடி என்றால் மூக்கில் மாட்டுவது இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை மூடி, தலைக்குப் பின்னால் பட்டையை இழுத்துக் கட்டுவது. அதைப் போட்டுக்கொண்டால் நாம் வீட்டில் இருக்க மாட்டோம், வேறொரு இடத்தில் இருப்போம். கழுத்தைத் திருப்பினால் அந்த இடமும் திரும்பும். அங்கே வேறு ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள், பேசினால் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கும். "வாப்பா, இனி நான் அங்கேயும் நீங்க இங்கேயும்னு இல்ல, ஒரே அறையில உட்கார்ந்து பேசலாம்" என்றான் பையன். இரண்டு தடவை உட்கார்ந்தோம். மூன்றாம் தடவை அவனுக்கு வேலை வந்துவிட்டது, அதற்கப்புறமும் வேலைதான். அதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி வீட்டில் இருந்தது, நானும் வீட்டில் இருந்தேன்.

நான் இரும்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி ஆளைக் கொல்லும் என்பதுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முதலில் நமக்கு ஓர் உருவம் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். வரிசையாகப் பொம்மைகள் நின்றன. கோட்டுப் போட்ட ஒரு கண்ணியமான மனிதரைத் தொடப் போனேன், கை தவறிப் பக்கத்துப் பொம்மையில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து அங்கே நான் கத்தரிக்காய். கை கால் முளைத்த, தலையில் பச்சைக் காம்பு வைத்த, ஆளுயரக் கத்தரிக்காய். மாற்றத் தெரியவில்லை. நஸீமைக் கேட்கவும் வெட்கம்.

அங்கே ஒரு காபிக் கடை இருக்கிறது. தான்ஜியரில் இருக்கும் ஒரு பெண் நடத்துகிறாள். நம் பாஷை பேசுகிறவர்கள் பஸ்ராவிலிருந்தும் ஸஃபாக்ஸிலிருந்தும் வந்து உட்காருகிறார்கள். கடை ஒரு மலை விளிம்பில். கீழே கடல். மொட்டை மாடிக்குத் தடுப்புக் கம்பி கிடையாது, மச்சான்! ஒரு கம்பி, ஒரு கயிறு, ஒரு எச்சரிக்கைப் பலகை, ஒன்றும் கிடையாது! விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஆகாது என்று என் புத்திக்குத் தெரிகிறது, முழங்காலுக்குத் தெரியவில்லையே. முதல் வாரம் முழுக்க நான் தவழ்ந்துதான் மேஜைக்குப் போனேன். அங்கே தவழ்ந்தால் இங்கேயும் தவழ வேண்டும். ரஷீதா கிழங்கு கடன் கேட்க வந்தவள், கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நான்கு காலில் போகிற என்னைப் பார்த்துவிட்டாள். "ஒண்ணுமில்லடி, மலை மேல இருக்காரு. நீ கிழங்கை எடுத்துக்கிட்டுப் போ" என்றிருக்கிறாள் உங்கள் தங்கை. அப்புறம் அங்கே இருக்கிற நாற்காலியில் உட்காரப் போய், இங்கே நாற்காலி இல்லாததால் இடுப்பு போயிற்று. மறுநாள் முதல் ஸக்கியா என்னை நிஜ நாற்காலியில் உட்கார வைத்து, தன் பழைய தலைத்துணியால் மேஜைக் காலோடு இடுப்பைக் கட்டிவிடுவாள். வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள்.

அங்கேதான் நாரை வந்தார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தபோது என் காதருகே ஒரு குரல்.

"என்ன ஓய் கத்தரிக்காய், வேகுறதுக்கு முன்னாடியே வதங்கிட்டீரு?"

கண்ணைத் திறந்தால் என் மூக்குக்கு நேரே ஓர் அலகு. நான் போட்ட அலறலில் நம் வீட்டு மேஜை விளக்கு விழுந்து உடைந்தது. ஆளுயரச் செங்கால் நாரை. கழுத்தில் ஒரு சிவப்புக் குட்டை. "பயப்படாதீரும், நான் காய்கறி சாப்பிடுறதில்ல" என்றார். அப்படித்தான் பழக்கம். அஸர் தொழுதுவிட்டு நான் போவேன். அவர் எனக்கு முன்பே வந்து கட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். அந்த நாரை வாய்க்கு நிகரான வாயை நான் இரும்பாலையிலும் கேட்டதில்லை.

பேர் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே யாரும் சொல்வதில்லை. நான் சொல்லாததற்குக் காரணம், யாராவது என் பெயரைத் திருடி வங்கியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். அவர் ஏன் சொல்லவில்லையோ தெரியாது. ஆனால் பேரையும் ஊரையும் தவிர மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறார். மனைவி இறந்து மூன்று வருஷமாம், தனியாக இருக்கிறாராம். ராத்திரிச் சாப்பாட்டைக்கூடக் கண்ணாடியைக் கழற்றாமல் சாப்பிடுவார். கரண்டி தட்டில் படுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள், "ஏன் ஓய், குருடன் மாதிரித் தடவித் தடவிச் சாப்பிடுறீரு? கழற்றி வெச்சுட்டு நிம்மதியாச் சாப்பிடும், மூச்சுக்குழல்ல போயிடும்" என்று கேட்டேன். அதற்கு அவர், "கழற்றினா எதிர்ல சுவர்தான் இருக்கு. இதுல ஒரு கத்தரிக்காயாவது இருக்கே" என்றார். நான் அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஸக்கியா முதலில் இதையெல்லாம் கேலி செய்தாள். பிறகு சமையலறையிலிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தாள். "நாரை அண்ணனுக்கு ஸலாம் சொல்லுங்க. சர்க்கரை இருக்கிறவர் தெருவுல விக்கிற கடலைமாவுக் கரந்திகாவை ரொட்டிக்குள்ள வெச்சு ரெண்டு வேளையும் தின்னக் கூடாதுன்னு சொல்லுங்க." அவருக்கு அது நேராகவே கேட்டுவிடும். "தங்கச்சி, பாதிதான் தின்னேன்!" என்று அங்கிருந்து கத்துவார். இருவருக்கும் நடுவில் நான் ஒரு தபால் பெட்டி.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை மாலை. நல்ல ஆட்டம். நான் கட்டையை வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வையும் ஓய். மஃரிபுக்குள்ள வெச்சீர்னா புண்ணியமாப் போகும்."

"யோசிக்க விடும்."

"யோசிக்கிற மூஞ்சியா இது? உமக்கு மூஞ்சியே கிடையாதே!"

அடுத்த கணம், "யா ரப்பீ!" என்று ஒரு கூச்சல், பாத்திரமோ கண்ணாடியோ உடைந்து சிதறுகிற சத்தம். "நாரை! நாரை!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். இடுப்பில் தலைத்துணி, மேஜையும் என்னோடு எழுந்தது, பிறகு நானும் மேஜையும் சேர்ந்து விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன், நாரை அசையவில்லை. ஓர் இறக்கை கட்டைகளின் மேல், அலகு கொஞ்சம் திறந்தபடி, கழுத்து குனிந்து, அப்படியே. எப்போதும் குதித்துக்கொண்டே இருக்கிறவர், மச்சான்! அலை கூட நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. கூப்பிட்டேன், கெஞ்சினேன், "நான் தோத்துட்டேன், எழுந்திரும்" என்றேன். தொட்டுப் பார்த்தேன், அங்கே யாரையும் தொட முடியாது, கை உள்ளே போய்விடும். அப்போது எனக்கு வந்த பயத்தை எந்த வார்த்தையால் எழுதுவது? உலையருகே நின்றிருக்கிறேன், கயிறு அறுந்த தூக்குப் பாரத்தின் கீழே நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் மணியடிக்க ஒரு பொத்தான் இருக்கும். இங்கே ஒரு மனிதர் என் கண்ணெதிரே சாகிறார், எந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவது?

கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டேன். காபிக் கடையே இல்லை. சுவரில்லாத ஒரு சாம்பல் நிறக் கூடம், நடுவில் சிவப்பில் ஒரு வரி, ஆங்கிலத்தில். அதற்கப்புறம் எப்போது போட்டாலும் அதே கூடம், அதே வரி. துக்கத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டார்கள். "உங்களுக்குப் படிக்கத் தெரியாததெல்லாம் மரண அறிவிப்பா?" என்று ஸக்கியா கேட்டாள். கேட்டாளே தவிர, உள்ளே போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை, மச்சான்.

நஸீமிடம் சொல்லலாம் என்றால், வாப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என்னைக் கனடாவுக்குக் கொண்டுபோய்ப் பனியில் வைத்துவிடுவான். செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். நல்ல பிள்ளையாண்டான் ஒருவன் இருந்தான், உட்காரச் சொன்னான்.

"யாரு இறந்தது, ஹாஜ்?"

"என் நண்பர்."

"பேரு?"

"நாரை."

எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "எந்த இடத்துல?"

"காபிக் கடையில. மலை மேல இருக்கு, கடல் தெரியும்."

"செரைதி மலையா?"

"இல்ல தம்பி. இல்லாத மலை."

"நீங்க அப்போ அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். கத்தரிக்காயா இருந்தேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "வீட்டுல யாரு இருக்காங்க, நம்பர் சொல்லுங்க" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். ஸக்கியா வந்து கூட்டிப் போனாள். வழியில் அவள் என்னைத் திட்டவில்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் குனிந்த கழுத்து. இன்னொன்றும் தோன்றுகிறது, சொல்லவே பயமாக இருக்கிறது: நானே அங்கே விழுந்திருந்தால்? ஒரு கத்தரிக்காய் சாய்ந்தது என்று அடுத்த மேஜைக்காரர்கள் காபியைக் குடித்திருப்பார்கள். ஆறு மாதம் ஒரே மேஜை. அவர் சிரிப்பு தெரியும், இருமல் தெரியும், எந்தக் கட்டையைக் கையில் மறைக்கும்போது மூக்கை உறிஞ்சுவார் என்றுகூடத் தெரியும். ஜனாஸாத் தொழுகைக்கு ஒரு பேர் கொடு என்றால் கொடுக்க என்னிடம் பேர் இல்லை.

ஆகவே அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவர் உங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆமாம் என்பதற்கு நாங்கள் 'ஈஹ்' என்போம்; அவர் உங்களைப் போல 'வாஹ்' என்பார். எங்களுக்கு மஃரிப் பாங்கு சொல்லி, தொழுது, ஜமாஅத்தும் கலைந்த பிறகுதான் அவர் பக்கத்தில் பாங்கு கேட்கும். அப்படியானால் நம் நாட்டின் மேற்குக் கோடி. ஜன்னலுக்கு வெளியே டிராம் மணி. கீழே தொண்டை கட்டிய ஒருவன் "சூடு, சூடு, கரந்திகா" என்று கத்துவான். இது ஒரான் இல்லாமல் வேறு எது? நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கடையை இரண்டு நாள் சாத்திவிட்டு, டிராம் போகிற தெருக்களில் எல்லாம் நடந்து, தொண்டை கட்டிய கரந்திகா வியாபாரியைக் கண்டுபிடித்து, திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்க வராத வாடிக்கைக்காரர் யார் என்று கேளுங்கள். ஆள் உயரமாக, ஒல்லியாக, நீண்ட கழுத்தோடு இருப்பார். (இதைப் பின்னால் நின்று படித்துவிட்டு உங்கள் தங்கை, "நாரைன்னா ஒல்லியா இருக்கணுமா? அப்போ நீங்க என்ன ஊதா நிறமா?" என்கிறாள். அவள் சொல்வதை விட்டுவிடுங்கள்.) ஆஸ்பத்திரிகளிலும் விசாரியுங்கள். பிணவறைக்கும் ஒருமுறை போங்கள், ஆனால் வாசலோடு நின்று கேளுங்கள். உள்ளே தரை வழுக்கும், கிருமி வேறு. கதவைத் தட்டும்போது ஓரமாக நின்று தட்டுங்கள். டிராம் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போங்கள். உயிரோடு இருந்தால், கத்தரிக்காய் கேட்டதாகச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். இல்லையென்றால் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அது போதும்.

உங்கள் சவரக்கத்தி ஒருநாளும் தவறாமல் இருக்கட்டும், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் உறுதியான படிக்கட்டுகளும் கிடைக்கட்டும், கேஸ் மூடியிருக்கிறதா என்று இரவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸக்கியா உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்லச் சொன்னாள். சின்னவளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கலங்கிய நெஞ்சோடு உங்கள் மச்சான்,
லக்தர்

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். கடையைச் சாத்த வேண்டாம், பிணவறைக்குப் போக வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள். தீயணைப்புப் படைச் சீருடையில் இரண்டு பேர், கையில் ஸ்ட்ரெச்சர். ஸக்கியா திறந்தாள்.

"இது கத்தரிக்காய் வீடுதானேம்மா?"

"மார்க்கெட்டு கீழ்த் தெருவுல."

"இல்லம்மா. செத்துப்போன கத்தரிக்காய்."

"செத்தது நாரை தம்பி. கத்தரிக்காய் உள்ளே உட்கார்ந்து லெட்டர் எழுதுது."

அந்த இருவரில் மூத்தவன் நாரையின் அக்காள் மகனாம், இங்கே அன்னாபாவில்தான் வேலையாம், மச்சான்! திங்கட்கிழமை அங்கே விழுந்தது நாரை இல்லை. அவர் வளர்க்கும் பூனை காபித் தட்டின் மேல் பாய்ந்திருக்கிறது. நான் கத்தியதும் மேஜையோடு விழுந்ததும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதே நேரம் பார்த்து, எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் இணையக் கேபிளை வெட்டியிருக்கிறார்கள். தொடர்பு அறுந்ததால், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நின்றுபோனார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நின்றுபோனேன். நான்கு நாளாக அவர் தூங்கவில்லையாம், சாப்பிடவில்லையாம், "அன்னாபாவில ஒரு கத்தரிக்காய் செத்துக் கிடக்கு, போய்ப் பாருடா" என்று மருமகனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். பேர் தெரியாமல் என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவனைக் கேட்டேன். நாரையிடம் நான் அளந்த இரும்பாலைக் கதைகளை வைத்து, இங்கே இரும்பாலை ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய், "உங்கள்ல எல்லாத்துக்கும் பயப்படுற ஆள் யாரு?" என்று கேட்டானாம். மொத்தச் சங்கமும் ஒரே குரலில் என் பெயரையும் தெருவையும் மாடியையும் சொல்லியிருக்கிறது. இதைப் பற்றி அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

பிறகு அவன் தன் போனில் நம்பரைப் போட்டு என் காதில் வைத்தான்.

"ஓய்," என்றது குரல்.

"ஓய்," என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கட்டையை மறைக்கிற உறிஞ்சல் இல்லை.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் செத்துட்டீராக்கும்?" என்றார்.

அவர் பெயர் தய்யிப் பெனவுதா. ஒரானே இல்லை, பக்கத்து ஊரான மொஸ்தகானெமாம். அங்கேயும் டிராம் இருக்கிறதாம், கரந்திகா இருக்கிறதாம். மருமகன் படமும் காட்டினான். குட்டையாக, கழுத்தே இல்லாமல், உருண்டையாக ஒரு மனிதர். ஸக்கியா படத்தையும் என் நீண்ட கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் உருவம் மாறிப்போச்சு" என்றாள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை ரயிலில் அவர் இங்கே வருகிறார். நேரில். ஸக்கியா இப்போதே கறிக்காரனுக்குச் சொல்லிவிட்டாள், ஜன்னல் துணியெல்லாம் துவைக்கப் போட்டுவிட்டாள், வீடே சிரிக்கிறது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை, மச்சான். அங்கே எனக்கு முகம் இல்லை, அதனால் எதை வேண்டுமானாலும் சொன்னேன், எதை வேண்டுமானாலும் கேட்டேன். இங்கே கையைக் குலுக்க வேண்டும், கன்னத்தில் முத்தமிட வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு மனிதரிடம் சொல்லக்கூடியதையெல்லாம் ஆறு மாதத்தில் சொல்லித் தீர்த்தாயிற்று. இனி எதிரெதிரே உட்கார்ந்து என்னதான் பேசுவது? ஒரானில் தேட வைத்திருந்த இரண்டு நாளை எனக்காக மிச்சம் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமையே நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.